பென்டிரைவ் இங்கே, செர்வர் அங்கே: தின் கிளையன்டில் கோளாறு தேடுவது எப்படி?

"சார், பென்டிரைவ் குத்திட்டேன், ஒன்னும் வரல." "டீச்சர், படம் ஓடுது, சத்தம் மட்டும் இல்ல." கணினி அறையில் பாடம் நடத்தும் ஆசிரியர் யாரும் இந்த இரண்டையும் கேட்காமல் ஒரு தவணையைக் கடப்பதில்லை. வீட்டுக் கணினியாக இருந்தால் பென்டிரைவை எடுத்து மறுபடி செருகுவோம். ஒலி அளவைக் கூட்டுவோம். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். லினக்ஸ் தின் கிளையன்டுகள் உள்ள கணினி அறையில் அது போதாது. அங்கே நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு கணினியின் முன்னால். உங்கள் வேலை நடப்பதோ வேறொரு கணினியில்.

மாணவர்களே, இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் மேலே சொன்ன இரண்டு புகார்களையும் நீங்களே ஆராயலாம். பதியாவிட்டால் நல்ல பென்டிரைவைக் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுவீர்கள். அல்லது, திரையில் வரும் கேள்விக்கு யோசிக்காமல் 'சரி' என்று அழுத்தி, மூன்று வாரம் உழைத்துச் செய்த இடுபணியை ஒரு நொடியில் இழப்பீர்கள்.

தின் கிளையன்ட் என்றால் என்ன?

ஹார்ட் டிஸ்க் இல்லாத, அல்லது இருந்தும் அதைப் பயன்படுத்தாத, வலுக் குறைந்த கணினியே தின் கிளையன்ட். இந்தக் கட்டுரையில் அதைச் சுருக்கமாக 'முனையம்' என்று அழைப்போம். பொத்தானை அழுத்தியதும் அது தன் நெட்வொர்க் கேபிள் வழியாக, "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்கிறது. அறையின் மூலையில் இருக்கும் செர்வர் (தமிழில் வழங்கி) முகவரியைக் கொடுக்கிறது. பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும் கேபிள் வழியே அனுப்பி வைக்கிறது. முனையம் விழித்துக்கொள்கிறது. நீங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு, எழுதுவது, வரைவது, இணையத்தில் உலாவுவது எல்லாம் செர்வரின் செயலியிலும் செர்வரின் நினைவகத்திலும் நடக்கின்றன. திரையில் தோன்றும் படம் மட்டும் உங்களிடம் வருகிறது. நீங்கள் தட்டும் எழுத்தும் சுட்டியின் அசைவும் அங்கே போகின்றன.

இப்படி ஓர் ஏற்பாட்டை எளிதாக அமைக்க உதவும் இலவச மென்பொருள்தான் லினக்ஸ் டெர்மினல் செர்வர் புராஜெக்ட், சுருக்கமாக எல்டிஎஸ்பி. அமெரிக்காவின் ஜிம் மெக்குவில்லன் 1999இல் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் இதை வேகமாகப் பிடித்துக்கொண்டன. ஓரிகன் மாநிலத்தில் பால் நெல்சன் என்ற ஆசிரியரும் எரிக் ஹாரிசனும் சேர்ந்து பள்ளிகளுக்கென்றே கே12எல்டிஎஸ்பி என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். நார்வேயில் 2001இல் தொடங்கிய ஸ்கோலெலினக்ஸ் திட்டமும் இதே வழியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. காரணம் எளிமையானது: புதிய மென்பொருளைத் தாங்க முடியாமல் ஒதுக்கி வைத்த 15, 20 பழைய கணினிகளை ஒரே ஒரு நல்ல செர்வரை வாங்கி மறுபடி உயிர்ப்பிக்க முடிந்தது. தோட்டப்புறப் பள்ளிகளில் மூடிய துணியின் கீழ் தூசி படிந்து கிடக்கும் கணினிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நம் நாட்டில் மாம்பு நிறுவனம் 2004இல் அரசுத் துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகவே லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் அந்த மடிக்கணினிகள் தனித்தனியாக இயங்கும் முழுக் கணினிகள். அவற்றில் பென்டிரைவும் ஒலியும் இத்தனை சிக்கல் கொடுப்பதில்லை. ஏன் என்று இப்போது பார்க்கலாம்.

சரக்கு துறைமுகத்தில், கணக்கர் ஊருக்குள்

செமிலிங்கில் இருந்து எழுதுவதால் உள்ளூர் உவமை ஒன்று. எங்கள் மெர்போக் ஆற்றின் கரையில், பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கப்பல்கள் வந்து சரக்கு இறக்கியிருக்கின்றன. ஒரு கப்பல் துறையில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கைப் பதிவு செய்ய வேண்டிய கணக்கரோ ஊருக்குள் பண்டகசாலையில் உட்கார்ந்திருக்கிறார். துறையில் இருக்கும் ஆள் ஓடிப்போய்ச் சொன்னால்தான் அவருக்குக் கப்பல் வந்ததே தெரியும். வண்டி போய்ச் சரக்கை ஏற்றி வந்தால்தான் அவர் கண்ணில் படும்.

பென்டிரைவ்தான் கப்பல். நீங்கள் செருகியது முனையத்தில், அதுதான் துறை. கோப்பைத் திறக்க வேண்டிய நிரல் இருப்பது செர்வரில், அதுதான் பண்டகசாலை. செருகிய உடனே முனையத்தின் கெர்னலுக்குத் தெரிந்துவிடும். செர்வருக்குத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும்.

எல்டிஎஸ்பியின் ஐந்தாம் பதிப்பில் இந்தத் தூது வேலையைச் செய்தது எல்டிஎஸ்பி-எஃப்எஸ் என்ற சிறிய மென்பொருள். அதன் ஒரு பாதி முனையத்தில் இருந்து பென்டிரைவைப் படிக்கும். மறுபாதி செர்வரில் இருந்துகொண்டு, அங்கே உங்கள் பெயரில் ஒரு கோப்புறையைத் தோற்றுவிக்கும். அந்தக் கோப்புறை செர்வரில் இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை கேபிளின் மறுமுனையில் இருக்கும் உங்கள் பென்டிரைவின் கோப்புகள்.

ஆகவே செருகியதில் இருந்து திரையில் சின்னம் தோன்றும் வரை எட்டுப் படிகள் உண்டு. பென்டிரைவும் துளையும் நன்றாக இருக்க வேண்டும். முனையத்தின் கெர்னல் ஏதோ ஒரு யூஎஸ்பி கருவி வந்திருக்கிறது என்று உணர வேண்டும். அது சேமிப்புக் கருவி என்று அறிய வேண்டும். அதில் கோப்புகள் அடுக்கப்பட்ட முறை கெர்னலுக்குப் புரிய வேண்டும். முனையத்தில் இருக்கும் தூதுவன் கிளம்ப வேண்டும். கேபிள் அவனைக் கொண்டு சேர்க்க வேண்டும். செர்வர் உங்கள் பெயரில் கோப்புறை திறக்க அனுமதி இருக்க வேண்டும். கடைசியாக, திரை அதைச் சின்னமாகக் காட்ட வேண்டும்.

எட்டையும் வரிசையாகச் சோதிக்கலாம். ஆனால் அது வீண் உழைப்பு. நடுவில் ஒரு சோதனை செய்யுங்கள். நான்காம் படி வரை சரி என்றால் முதல் பாதியை மறந்துவிடலாம். மீதி நான்கை மறுபடி பாதியாக்கினால் இரண்டு, பிறகு ஒன்று. எட்டில் ஒன்றைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும், ஏனென்றால் 2 × 2 × 2 = 8. பதினாறு படிகள் இருந்தாலும் நான்கே சோதனைதான்.

கெர்னல் எழுதும் நாட்குறிப்பு

நடுச் சோதனையை எப்படிச் செய்வது? லினக்ஸ் கெர்னல் தனக்கு நடந்ததையெல்லாம் ஒரு நாட்குறிப்பு போல எழுதி வைக்கும். கட்டளைத் திரையில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் அந்தக் குறிப்பு தோன்றும். கடைசிச் சில வரிகளைப் படித்தால் போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் திரையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டினால் யாருடைய குறிப்பு வரும்? அந்தச் சாளரமும் ஒரு நிரல்தானே? அது ஓடுவது செர்வரில். ஆகவே வருவது செர்வரின் குறிப்பு. அதில் உங்கள் பென்டிரைவைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. "பார்த்தீர்களா, லினக்ஸுக்கு என் பென்டிரைவ் தெரியவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பண்டகசாலையின் பேரேட்டைப் பார்த்துவிட்டுக் கப்பலே வரவில்லை என்று சொல்வது போன்றது இது. 'ஹோஸ்ட்நேம்' என்ற கட்டளை, நீங்கள் எந்தக் கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அதன் பெயரைச் சொல்லும். முதலில் அதைத் தட்டிப் பாருங்கள்.

முனையத்தின் சொந்தக் குறிப்பைப் பார்க்க, கணினி அறைப் பொறுப்பாளர் முனையத்திலேயே ஒரு கட்டளைத் திரையைத் திறக்கும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். அப்படி அமைத்திருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். எஃப்7 பெரும்பாலும் பழைய திரைக்குத் திரும்பக் கொண்டுவரும். இதை ஆசிரியரின் அனுமதியோடு செய்யுங்கள். அந்தக் கறுப்புத் திரைக்கு அதிகாரம் அதிகம்.

இப்போது பென்டிரைவைச் செருகிக் குறிப்பைப் படியுங்கள். நல்ல பென்டிரைவ் என்றால் முதலில் 'புதிய ஹை-ஸ்பீட் யூஎஸ்பி கருவி' என்ற பொருளில் ஒரு வரி வரும். 'ஹை-ஸ்பீட்' என்பது வெறும் புகழ்ச்சி அல்ல. 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 தரத்தின் வேகம், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். அந்த இடத்தில் 'ஃபுல்-ஸ்பீட்' என்று இருந்தால் ஏமாறாதீர்கள். பெயரில் 'ஃபுல்' இருந்தாலும் அது பழைய வேகம், நொடிக்கு வெறும் 12 மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 1.5 மெகாபைட். 200 மெகாபைட் காணொளி ஒன்றை நகலெடுக்கக் குறைந்தது 133 நொடிகள். பென்டிரைவ் 'மெதுவாக' இருப்பதற்கான காரணம் சில சமயம் இந்த ஒரே சொல்லில் கிடைத்துவிடும்.

அடுத்த வரிகளில் கொள்ளளவு வரும். உதாரணமாக 15,728,640 கட்டங்கள், ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கிப் பாருங்கள்: 8,053,063,680 பைட். உறையில் '8 ஜிபி' என்று அச்சிட்டிருப்பார்கள், கணினியில் 7.5 என்று தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உறையில் ஒரு ஜிகா என்பது 1,000,000,000. பல கணினித் திரைகளில் அது 1024 × 1024 × 1024. அதற்கடுத்து எஸ்டிஏ, எஸ்டிஏ1 என்ற பெயர்கள் வரும். முதலாவது பென்டிரைவ் முழுவதற்கும் கெர்னல் வைத்த பெயர்; கடைசியில் 1 சேர்ந்தது அதற்குள் இருக்கும் முதல் பிரிவு. இந்த இரண்டும் வந்துவிட்டால் மூன்று படிகள் சரி. கப்பல் துறைக்கு வந்துவிட்டது.

எந்த வரியுமே வராவிட்டால்? துளையை மாற்றுங்கள், வேறு பென்டிரைவைச் செருகுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். அறிவியல் பாடத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தீர்களே, அது தேர்வுக்கு மட்டும் உரியதல்ல. துளையையும் பென்டிரைவையும் சேர்த்து மாற்றி, வேலை செய்துவிட்டால், குறை எதில் இருந்தது என்று கடைசி வரை தெரியாது.

வரி வந்து, கூடவே 'எர்ரர்' என்ற சொல்லும் கழித்தல் 71 அல்லது கழித்தல் 110 என்ற எண்ணும் வந்தால் கருவி அரைகுறையாகப் பேசுகிறது என்று பொருள். 71 என்றால் பேச்சு குழம்பியது. 110 என்றால் பதில் வரக் காத்திருந்து நேரம் கடந்தது. துளையில் தூசி, பாசி பிடித்த தொடுமுனை, நீளமான மலிவு எக்ஸ்டென்ஷன் கேபிள் ஆகியவை வழக்கமான காரணங்கள். மின்சாரமும் காரணமாகலாம். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லிஆம்பியர் வரைதான் கொடுக்கும். தனி மின்சாரம் இல்லாத நான்கு துளைப் பெருக்கியைச் செருகினால், அதன் ஒவ்வொரு துளைக்கும் கணக்குப்படி 100 மட்டுமே. பென்டிரைவுக்கு அது போதாமல் போகலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு நிச்சயம் போதாது. 'டிக், டிக்' என்ற சத்தத்தோடு தோன்றி மறையும் ஹார்ட் டிஸ்க்கைக் கண்டால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள்.

பென்டிரைவைச் சொல்லும்போது நம் நாட்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். அதன் உள்ளே, நினைவகச் சில்லுக்கும் யூஎஸ்பிக்கும் நடுவே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. அத்தகைய சில்லுகளைத் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனத்தை 2000இல் தைவானில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய புவா கெயின் செங், சிலாங்கூர் செகிஞ்சானைச் சேர்ந்தவர். அதே ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் இதே வகைக் கருவியை விற்கத் தொடங்கியது.

'ஃபார்மெட் செய்யவா?' என்று கேட்டால்

நான்காம் படிக்கு வருவோம். பென்டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறைகள் பல. பழையது ஃபேட்32, எல்லாக் கணினிக்கும் புரியும், ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது. 64 ஜிபி, அதற்கு மேற்பட்ட பென்டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019இல்தான் வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 5.4ஆம் கெர்னலில் இருந்து லினக்ஸுக்கு அது நேரடியாகப் புரிகிறது. பழைய லினக்ஸ் உள்ள கணினி அறையில் உங்கள் புத்தம் புதிய 128 ஜிபி பென்டிரைவ் திறக்காமல், நண்பரின் பழைய 8 ஜிபி பென்டிரைவ் திறந்தால் வியக்க வேண்டாம். பென்டிரைவ் கெடவில்லை, அந்தக் கணினிக்கு மொழி தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆபத்து. புரியாத முறையில் அடுக்கிய பென்டிரைவைச் சில கணினிகள் 'காலி' என்று எண்ணி, "ஃபார்மெட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே அழுத்துங்கள். முதலில் வேறு கணினியில், முடிந்தால் அந்தக் கோப்பை எழுதிய அதே கணினியில், திறந்து பாருங்கள்.

கோப்பு இழப்பதற்கு இன்னொரு வழி, அவசரமாக உருவுவது. 'நகலெடுத்தாகிவிட்டது' என்று திரை சொன்னாலும் தகவலின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில் காத்திருக்கலாம். பென்டிரைவில் எழுதுவது மெதுவான வேலை என்பதால் லினக்ஸ் அதைச் சேர்த்து வைத்துப் பிறகு எழுதுகிறது. பென்டிரைவில் சின்ன விளக்கு இருந்தால் அது மின்னி முடியும் வரை பொறுங்கள். 'பாதுகாப்பாக வெளியேற்று' என்பதை அழுத்திவிட்டு எடுங்கள். எல்டிஎஸ்பி-எஃப்எஸ்ஸை எழுதியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் அவசரம் தெரிந்திருந்தது போலும். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் பென்டிரைவைத் தானாகவே விடுவிக்கும் ஏற்பாட்டை அதில் வைத்தார்கள். இருந்தாலும் மணி அடித்தவுடன் உருவிக்கொண்டு ஓடுபவர்களை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். பழைய அமைப்புகளில் பென்டிரைவை யூனிகோடு முறையில் திறக்கும்படி சொல்லாவிட்டால் இப்படி நடக்கும். உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும். அங்கேயே பெயரை மாற்றப் பார்க்காமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

முதல் நான்கு படியும் சரி, ஆனால் சின்னம் மட்டும் வரவில்லை என்றால் குறை அடுத்த பாதியில். அங்கே மிக நல்ல சோதனை ஒன்று உண்டு. அதே முனையம், அதே பென்டிரைவ். ஆளை மட்டும் மாற்றுங்கள். ஆசிரியரின் பெயரில் நுழைந்தால் தெரிகிறது, மாணவர் பெயரில் தெரியவில்லை என்றால் கருவியும் கேபிளும் தூதுவனும் சரி. ஏழாம் படியான அனுமதியில்தான் குறை. பழைய பதிப்புகளில் செர்வரில் 'ஃபியூஸ்' என்ற குழுவில் மாணவர்களின் பெயர்களைச் சேர்க்காமல் விட்டால் இதுதான் நடந்தது. பத்து ரிங்கிட் பென்டிரைவை மாற்றி என்ன பயன்? செர்வரில் ஒரு வரியைத் திருத்த வேண்டும்.

ஒலி ஏன் இன்னும் கடினம்?

ஒலியில் பயணம் தலைகீழ். நிரல் செர்வரில் ஒலியை உருவாக்குகிறது. கேட்க வேண்டிய காது முனையத்தின் பக்கம் இருக்கிறது. பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருள் ஒலியை நெட்வொர்க் வழியே அனுப்ப வல்லது. உள்நுழையும்போது 'பல்ஸ் செர்வர்' என்ற மாறியில் உங்கள் முனையத்தின் முகவரியை எழுதி வைத்துவிடுவார்கள். நிரல் அதைப் பார்த்து ஒலியை அந்த முகவரிக்கு அனுப்பும். மாறி காலியாக இருந்தால் ஒலி செர்வரின் சொந்த ஒலிபெருக்கியைத் தேடிப் போகும். உங்கள் ஹெட்போனில் நிசப்தம். அறை மூலையில் இருக்கும் பெட்டி பாடும்! இப்படி நடந்தால் சிரித்துவிட்டு, குறை எங்கே என்று உடனே சொல்லிவிடலாம்.

ஒலிக்குச் சோதனையைக் காதின் பக்கமிருந்து தொடங்குவது மலிவு. ஹெட்போனைக் கைப்பேசியில் செருகுங்கள். கேட்டால் ஹெட்போன் சரி. மைக்குக்கான சிவப்புத் துளையில் செருகவில்லையே என்று பாருங்கள், பச்சைதான் ஒலிக்கு. பிறகு முனையத்தின் கறுப்புத் திரையில் 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' என்ற கட்டளை. அருவி விழுவது போன்ற இரைச்சல் கேட்டால் முனையத்தின் ஒலிச் சில்லு, அளவு, துளை எல்லாம் ஒரே அடியில் சரி என்று ஆகிவிட்டது. கேட்காவிட்டால் 'அல்சாமிக்ஸர்' திறந்து பாருங்கள். நெடுக்குப் பட்டைகளின் அடியில் இரண்டு 'எம்' எழுத்து இருந்தால் அந்த வழி ஊமையாக்கப்பட்டிருக்கிறது. 'எம்' விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும்.

முனையத்தில் இரண்டு ஒலி வழிகள் இருப்பதும் வழக்கமான சிக்கல். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் மானிட்டருக்குக் கொண்டு போகும். மானிட்டரிலோ ஒலிபெருக்கி இருக்காது. ராஸ்பெரி பை சிற்றட்டைகளை முனையமாக வைத்தவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். எல்லாம் ஓடும், ஒலி மட்டும் காற்றில் கரைந்தது போல இருக்கும். 'பாவுகண்ட்ரோல்' என்ற சிறு நிரலைத் திறந்து வெளியீட்டை மாற்றினால் போதும். பாட்டு ஓடும்போது அதில் ஒரு பட்டை துள்ளுவதும் தெரியும். பட்டை துள்ளுகிறது, காதில் இல்லை என்றால் ஒலி முனையத்துக்கு வந்துவிட்டது. குறை கடைசிப் படியில். பட்டையே துள்ளவில்லை என்றால் ஒலி செர்வரை விட்டே கிளம்பவில்லை.

கடைசியாக, விட்டு விட்டுக் கேட்கும் ஒலி. இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குறுந்தட்டுத் தரமுள்ள ஒலி என்றால் ஒரு நொடியில் 44,100 அளவீடுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமும் என்று இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 1,411,200 பிட், அதாவது சுமார் 1.4 மெகாபிட். 20 முனையங்களுக்கும் சேர்த்து 28. செர்வரின் கேபிள் 100 மெகாபிட் தாங்கும் என்றால் ஒலிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

பிறகு ஏன் விட்டு விட்டு வருகிறது? படத்தைக் கணக்கிடுங்கள். 640 × 480 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 படங்கள். செர்வர் காணொளியை விரித்துச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 184 மெகாபிட்டுக்கு மேல். ஒரே ஒரு மாணவர் சிறிய சாளரத்தில் காணொளி பார்த்தாலே 100 மெகாபிட் கேபிள் நிரம்பி வழியும். படத்தில் நாலைந்து சட்டங்கள் தவறினால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலியில் மிகச் சிறிய இடைவெளி விழுந்தாலும் காது 'டக்' என்று பிடித்துவிடும். அதனால் நெரிசல் படத்தால் வருகிறது, பழி ஒலி மீது விழுகிறது. ஒலி அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. செர்வரின் கேபிளையும் ஸ்விட்ச்சையும் 1000 மெகாபிட்டுக்கு மாற்றினால் ஓரளவு தீரும்.

முழுத் தீர்வு வேறு திசையில் வந்தது. 2019இல் எல்டிஎஸ்பியைப் புதிதாக எழுதியபோது வேலையையே முனையத்துக்கு மாற்றிவிட்டார்கள். கெர்னலும் நிரல்களும் இப்போதும் செர்வரில் இருந்துதான் வருகின்றன, ஆனால் ஓடுவது முனையத்தின் செயலியில். பென்டிரைவ் செருகிய இடமும் நிரல் ஓடும் இடமும் ஒன்றாகிவிட்டதால் தூதுவனுக்கு வேலை இல்லை. ஒலியும் கேபிள் ஏறுவதில்லை. ஆனால் முனையத்துக்கு ஓரளவு நல்ல செயலியும் நினைவகமும் வேண்டும். 20 ஆண்டுப் பழைய பெட்டிகளுக்கு அது ஒத்துவராது. அவை இருக்கும் அறைகளில் பழைய முறையும் மேலே சொன்ன எட்டுப் படிகளும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

இனி உங்களுக்கு மூன்று கணக்கு. ஒன்று: 12ஆம் முனையத்தில் மட்டும் ஒலி இல்லை, அதே ஹெட்போன் 13ஆம் முனையத்தில் கேட்கிறது, 12இல் 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' ஓடினால் இரைச்சல் நன்றாகக் கேட்கிறது. குறை எந்தப் பாதியில்? இரண்டு: எந்த முனையத்தில் செருகினாலும், யார் நுழைந்தாலும், ஒரே ஒரு பென்டிரைவ் மட்டும் தெரியவில்லை, முனையத்தின் குறிப்பில் எஸ்டிஏ1 வரை வருகிறது, வீட்டு விண்டோஸ் கணினியில் திறக்கிறது. எந்தப் படி? மூன்று: காலையில் பென்டிரைவுகள் எல்லாருக்கும் தெரிந்தன; செர்வரை மறுபடி தொடங்கிய பிறகு யாருக்கும் தெரியவில்லை; முனையங்களின் குறிப்பில் எல்லாம் வழக்கம்போல வருகின்றன. எங்கே முதலில் பார்ப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் படியின் எண்ணையும், அடுத்துச் செய்யும் ஒரே ஒரு சோதனையையும் எழுதுங்கள். ஒலிக்கான படிகளை மட்டும் நீங்களே வரிசைப்படுத்தி எண் கொடுத்துக்கொள்ள வேண்டும்.